சாப்பிடாத பூனைக்கு மஞ்சள் காமாலை: கல்லீரலில் கொழுப்பு படிந்தால் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இதே நிலையில் இருக்கும் வேறு சிலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு வயதுப் பாரசீகப் பெண்பூனை, 5 கிலோ எடையோடு கொழுகொழுவென்று இருந்தது. தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு கட்டிலடியில் போய் ஒளிந்தது, நான்கு நாள் உணவைத் தொடவில்லை. வெளியே வந்த பிறகும் கிண்ணத்தை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. பதினாறாம் நாள் காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்ததால் மருத்துவரிடம் கொண்டுபோனீர்கள். எடை 4 கிலோவாக இறங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டு, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, கழுத்தில் டியூப் பொருத்தி அதன் வழியாக உணவு கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, தயிர்சாதப் பத்தியத்தில் வைத்தால் போதும், வாயில்லா ஜீவனின் கழுத்தில் துளை போடுவது பாவம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, டியூப் போட்டால் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுவிலங்கு மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டியூப் போடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்கள் பூனையை நான் நேரில் பார்க்கவில்லை. மருந்தின் அளவுகளை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்த நோயில் முதன்மையான மருந்து உணவு என்பதிலும், அது உள்ளே போகாத ஒவ்வொரு நாளும் கல்லீரல் இன்னும் கொஞ்சம் அடைபடுகிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரியவர்களின் குழப்பத்துக்குக் காரணம் நோயின் பெயர். ‘ஃபேட்டி லிவர்’ என்றதும் மனிதருக்கு வருவதுதான் நினைவுக்கு வருகிறது. அது அதிகமாகச் சாப்பிட்டு, உடலுழைப்பு குறைந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. அதற்கு உணவைக் குறைக்கச் சொல்வார்கள். பூனைக்கு வருவது பட்டினியால் வருவது. குண்டான பூனை சாப்பிடுவதை நிறுத்தியதும், உடல் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. அந்தக் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்கு வந்து குவிகின்றன. அவற்றை எரித்து ஆற்றலாக மாற்றவும், புரதத்தோடு சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பவும் கல்லீரலுக்குச் சில மூலப்பொருள்கள் தேவை. பட்டினி கிடக்கும் பூனையிடம் அவை இல்லை. வரத்து நிற்காமல் வர, போக்கு அடைபட்டுப்போக, கல்லீரலின் உயிரணுக்கள் எண்ணெய் தோய்ந்த பஞ்சு போல ஊதுகின்றன. ஊதிய அணுக்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பித்த வழிகள் நசுங்குவதால்தான் மஞ்சள் நிறம் வருகிறது. சில பூனைகளுக்கு இது இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே தொடங்கிவிடும். ஹெபாடிக் லிப்பிடோசிஸ் என்று மருத்துவ அறிக்கைகளில் வருவது இதுதான்.

நாய் இதே போலப் பட்டினி கிடந்தால் இப்படி ஆவதில்லை; பூனைக்கு மட்டும் ஏன்? பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. உணவில் புரதம் குறைந்தாலும், தன் உடலில் புரதத்தைச் சிதைக்கும் வேகத்தை அது பெரிதாகக் குறைத்துக்கொள்ளாது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் தேவையான அளவுக்கு அதனால் உருவாக்கிக்கொள்ள முடியாது. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற அந்த ஆர்ஜினின் வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மோரிஸ், ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆர்ஜினின் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்ததற்கே, சில மணி நேரத்துக்குள் பூனைகளின் இரத்தத்தில் அம்மோனியா நஞ்சாக ஏறிவிட்டது. கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பொது எண்ணம் பூனையிடம் ஏன் எடுபடாது என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும். மூளை பாதிக்கப்பட்ட அறிகுறிகள் இருந்தால் மட்டுமே மருத்துவர் புரதத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவார். மற்றபடி நிறைந்த புரதமே இதற்குப் பத்தியம்.

இப்போது தயிர்சாதத்துக்கு வருவோம். சோறு வெறும் மாவுச்சத்து. பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து, ஆர்ஜினின் எதுவும் அதில் போதிய அளவு கிடையாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரையும் செரிக்காது. கோழி சூப்பாவது கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். சூப்பில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதைக் கொண்டு ஒரு நாள் தேவையை எட்டவே முடியாது. தவிர, நம் வீட்டு சூப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருப்பதில்லை. அவை இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. ஏற்கெனவே மஞ்சளாக இருக்கும் பூனைக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய். கீழாநெல்லி விஷயத்தில் நான் யாருடைய நம்பிக்கையோடும் சண்டை போட விரும்பவில்லை. ஆனால் மனிதருக்கு வரும் காமாலை பெரும்பாலும் வைரஸால் வருவது, தானாகவே ஆறிவிடும் வகையும் அதில் உண்டு. இது வேறு நோய். மேலும், குமட்டலோடு இருக்கும் பூனையின் வாயைப் பிளந்து கசப்பான ஒன்றை ஊற்றினால், உணவென்றாலே அந்தக் கசப்பும் பிடியும் அதன் நினைவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குமட்டல் போன பின்னும் அது கிண்ணத்தின் பக்கம் வராது. சிரிஞ்சு வைத்து வாயில் வலுக்கட்டாயமாக ஊட்டுவதும் இதே பிழைதான், அதோடு உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு. ஒரு நாளைக்கு 200 மில்லியை இப்படி ஊட்டிப் பாருங்கள், மூன்றாம் நாள் பூனை உங்களைக் கண்டதும் ஓடும். கழுத்து டியூப்தான் கருணை என்று நான் சொல்வது இதனால்தான்.

டியூப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, பூனை ஏன் சாப்பிடாமல் போனது என்பது. உங்கள் பூனைக்கு வெடிச்சத்தம் காரணமாக இருக்கலாம். ஆனால் பல பூனைகளுக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கும். பூனையின் பித்தநாளமும் கணையத்தின் முதன்மை நாளமும் குடலுக்குள் திறப்பதற்கு முன்பே ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், குடலில் தொடங்கும் அழற்சி பித்தநாளத்துக்கும் கணையத்துக்கும் எளிதில் தொற்றிக்கொள்ளும். பாரசீகப் பூனைகளுக்கு நாள்பட்ட பித்தநாள அழற்சி கொஞ்சம் கூடுதலாகக் காணப்படும் என்பதால் உங்கள் மருத்துவர் அதையும் மனத்தில் வைத்திருப்பார். கொழுப்புக் கல்லீரலில் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி எகிறியிருக்கும், ஆனால் ஜிஜிடி என்ற இன்னொரு நொதி பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. இரண்டுமே ஏறியிருந்தால் பித்தநாளத்தையோ கணையத்தையோ சந்தேகிக்க வேண்டும். அறிக்கையை வாங்கி இந்த இரண்டு வரிகளை நீங்களே பாருங்கள். கல்லீரலைத் தாண்டிய காரணங்களும் உண்டு: இரத்தத்தில் ஒட்டுண்ணிக் கிருமி புகுந்து சிவப்பணுக்கள் உடைந்தாலும் பூனை மஞ்சளாகும், எஃப்ஐபி என்ற கொரோனா வைரஸ் நோயிலும் மஞ்சளாகும். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

இரண்டாவது, வைட்டமின் கே. கல்லீரல் அடைபட்ட பூனைக்கு இரத்தம் உறைவதில் சிக்கல் இருக்கும். ஊசியால் கல்லீரல் மாதிரி எடுப்பதற்கோ கழுத்தில் டியூப் பொருத்துவதற்கோ முன்பாக வைட்டமின் கே ஊசி போட்டுவிட்டார்களா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் இதைக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டியூபில் இரு வகை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூக்கு வழியாக விடும் மெல்லிய டியூபுக்கு மயக்க மருந்து வேண்டாம், ஆனால் அதில் நீராக இருக்கும் உணவுதான் இறங்கும், சில நாளுக்குத்தான் தாங்கும். மிகவும் தளர்ந்துபோன பூனைக்கு முதல் இரண்டு மூன்று நாள் இதைப் போட்டு, உடல் கொஞ்சம் தேறியதும் சிறிது நேர மயக்கத்தில் கழுத்தின் இடப்பக்கத்தில் உணவுக்குழாய்க்குள் அகலமான டியூபை வைப்பார்கள். இது வாரக்கணக்கில் இருக்கலாம். இதோடு பூனை நடக்கும், தூங்கும், ஜன்னலில் உட்கார்ந்து காக்கையை வேடிக்கை பார்க்கும், பசி வந்தால் வாயாலும் சாப்பிடும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். பூனைக்கு அது கழுத்துப்பட்டை மாதிரி பழகிவிடும்.

முதல் மூன்று நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று முழு உணவு கொடுத்தால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சட்டென்று விழுந்துவிடும். பாஸ்பரஸ் மிகவும் இறங்கினால் சிவப்பணுக்கள் உடையும். பொட்டாசியம் இறங்கினால் தலையை நிமிர்த்தக்கூட வலு இருக்காது, முகவாய் மார்பில் தொங்கும். அதனால்தான் முதல் நாள் தேவையில் கால் பங்கு, பிறகு அரை, முக்கால் என்று ஏற்றி, இடையில் இரத்தத்தைச் சோதிப்பார்கள். தேவை என்பது எவ்வளவு? 2 கிலோவுக்கு மேற்பட்ட பூனைக்கு எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால் ஒரு நாளைய அடிப்படைத் தேவை ஏறக்குறைய வந்துவிடும். உங்கள் 4 கிலோ பூனைக்கு 190; கணக்குக்கு எளிதாக 200 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 50, இரண்டாம் நாள் 100, மூன்றாம் நாள் 150, நான்காம் நாள் 200. வாந்தி வந்தால் ஒரு படி பின்வாங்கி மறுபடி ஏறலாம். ‘பாவம், பசிக்குமே’ என்று முதல் நாளே முழுதாகக் கொடுத்துவிடக்கூடாது. தெம்புக்கு குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தவும் வேண்டாம். இரத்தச் சர்க்கரை இறங்காத பூனைக்கு அது கொழுப்பையே கூட்டும், பொட்டாசியத்தையும் இறக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. நோயிலிருந்து தேறும் பூனைகளுக்கென்று புரதமும் கொழுப்பும் மிகுந்த டின் உணவு கிடைக்கிறது. அதைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டுக் கலக்கினாலே அகலமான டியூபில் இறங்கும். கிடைக்காத ஊர்களில், பூனைக்குட்டிகளுக்கான ஈர உணவை மிக்சியில் மை போல அரைத்து வடிகட்டிக் கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு நீர் சேர்த்தீர்களோ அவ்வளவுக்குக் கலோரி நீர்த்துப்போகும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு பொட்டலத்தில் 70 கிலோகலோரி என்று போட்டிருந்து, நீர் சேர்த்து அரைத்தது 100 மில்லி வந்தால், 200 கிலோகலோரிக்கு நீங்கள் 285 மில்லி கொடுக்க வேண்டியிருக்கும். ‘ஐந்து வேளை கொடுக்கிறேன், எடை ஏறவில்லையே’ என்று வருபவர்களில் பலர் இந்தக் கணக்கில்தான் தவறியிருப்பார்கள்.

1 மில்லிக்கு 1 கிலோகலோரி வரும் கலவை என்று எடுத்துக்கொண்டால், நாளைக்கு 200 மில்லியை ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 40 மில்லி. காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று வைத்துக்கொண்டால் நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை நேராகக் கொடுத்தால் வாந்தி நிச்சயம். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடத்தில் கொதித்து இன்னோரிடத்தில் குளிர்ந்திருக்கும். உணவு நிரப்பிய சிரிஞ்சைச் சுடுநீர் டம்ளரில் ஐந்து நிமிடம் நிற்கவைத்து, ஒரு முறை குலுக்கி, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பாருங்கள். குழந்தைக்குப் பால் ஆற்றிப் பார்க்கிற அதே சூடு.

பூனை வயிறு கீழே இருக்கும்படி, இயல்பாகக் குந்திய நிலையில் மடியிலோ மெத்தையிலோ இருக்கட்டும். மல்லாக்கப் பிடிக்கவே கூடாது. டியூப் தோலுக்குள் நுழையும் இடத்தில் மருத்துவர் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருப்பார். அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், நகர்ந்திருந்தால் உணவு விடாதீர்கள். முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான நீர். அதற்கே இருமினால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். இருமல் இல்லையென்றால் உணவைத் தொடங்கலாம். 40 மில்லியைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுங்கள். பூனை நாக்கால் உதட்டைத் துழாவினால், அடிக்கடி விழுங்கினால், எச்சில் ஊறினால், கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அது வாந்தி வரப்போகிறது என்று பூனை சொல்லும் மொழி. முடிந்ததும் மறுபடி 5 முதல் 10 மில்லி நீர் விட்டு டியூபைக் கழுவி மூடிவிடுங்கள். இந்தக் கடைசி நீரைச் சோம்பலில் விட்டுவிட்டால் உணவு உள்ளே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெதுவெதுப்பான நீரை உள்ளே தள்ளியும் இழுத்தும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்த வேண்டாம். மாத்திரைகளை நன்றாகப் பொடித்து நீரில் கரைத்துத் தனியாக விடுங்கள், உணவில் கலக்காதீர்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது என்பதால், எதைப் பொடிக்கலாம் என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துத் துளையைத் தினம் ஒரு முறை கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்புநீரில் நனைத்த பஞ்சால் காய்ந்த பொருக்கைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, புதிய துணி வைத்துக் கட்டலாம். கொஞ்சம் சிவப்பும் துளி நீரும் இயல்பு. சீழ், நாற்றம், வீக்கம் வந்தால் காட்ட வேண்டும். கட்டுக்குள் உங்கள் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். பூனை வாந்தி எடுக்கும்போது டியூபின் உள்நுனியே வாய் வழியாக வந்துவிடுவதும் உண்டு. அப்படி ஆனால் பதறி இழுக்காதீர்கள், அதில் எதையும் விடாதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வேலை என்று பார்த்தால் முதல் வாரம் மலைப்பாக இருக்கும். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கோடு போட்ட நாட்டுப்பூனை ஒன்றுக்கு ஏழு வாரம் இப்படி ஊட்டினார். பள்ளி வருகைப் பதிவேடு போல ஒரு நோட்டுப் புத்தகம்: நேரம், மில்லி, வாந்தி, சிறுநீர், மலம், எடை. முதல் நான்கு நாள் பக்கங்களில் ‘கை நடுங்கியது’ என்றுகூட எழுதியிருந்தார். ஒன்பதாம் நாள் பக்கத்தில், மிக்சி ஓடும் சத்தம் கேட்டு அது தானே எழுந்து வந்து மடியருகே உட்கார்ந்தது என்று இருந்தது. இருபத்து மூன்றாம் நாள், அளவுக் குவளையின் விளிம்பை ஒரு முறை நக்கியது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அந்த நோட்டை வைத்துத்தான் நான் மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், முடிந்தால் குழந்தை எடை பார்க்கும் தராசில் பாருங்கள். குளியலறைத் தராசு 100 கிராம் வித்தியாசத்தைச் சரியாகக் காட்டாது, இந்த உடம்புக்கு 100 கிராம் பெரிய செய்தி.

வாயால் எப்போது சாப்பிடும்? முதல் வாரம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கெஞ்சுவது எதிர்மாறாகத்தான் முடியும். உணவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது, மணலில் மலத்தை மூடுவது போலத் தரையைப் பிராண்டுவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள்; உடனே கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், மருத்துவரிடம் குமட்டல் மருந்தைப் பற்றிப் பேசுங்கள். பிறகு, கண்ணில் தெளிவு வந்து, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியதும், தட்டையான தட்டில் ஒரு தேக்கரண்டி அளவு வெதுவெதுப்பான உணவை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். டியூப் உணவு தடையில்லாமல் போய்க்கொண்டிருப்பதால் அது சாப்பிடாததற்காக நீங்கள் அழ வேண்டியதில்லை. டியூபின் பெரிய லாபமே இந்த நிம்மதிதான்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குமட்டலுக்கு ஒன்று, பி12 ஊசி, பொட்டாசியம், சில சமயம் கல்லீரலுக்குத் துணையாக எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற மாத்திரை, இவைதான் வழக்கமாக இருக்கும். எல்லாம் சேர்ந்தும் உணவுக்கு அடுத்த இடத்தில்தான் வரும். பசியைத் தூண்டும் மிர்டாசபின் நல்ல மருந்து, ஆனால் கல்லீரல் கெட்ட பூனை அதை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். அதை நம்பி டியூபைத் தள்ளிப்போடுவது தவறு. பித்தத்தை இளக்கும் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது என்பதற்காக நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பித்தநாளம் அடைபட்டிருந்தால் அது ஆபத்து. ஒருகாலத்தில் பூனைக்குப் பசி வர டயசிபாம் மாத்திரை கொடுத்தார்கள். அதை வாய்வழி கொடுத்த சில பூனைகளுக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்ததை 1990களில் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்த பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. பழைய மருந்துச் சீட்டு எதிலாவது இருந்தால் மறுபடி வாங்க வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். மனிதர்களுக்கான லிவர் டானிக் எதுவும் வேண்டாம். தைலங்கள், வாசனை எண்ணெய்களைப் பூனை படுக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள்; மயிரில் படிந்ததை அது நக்கி விழுங்கும், அவற்றைச் செரித்து வெளியேற்றும் நொதிகள் சில பூனையிடம் மிகக் குறைவு.

இரவு எந்த நேரமானாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சந்தர்ப்பங்கள் சில: நிற்காமல் எச்சில் ஒழுகி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது அல்லது வட்டமடித்து நடப்பது, தலையைத் தூக்க முடியாமல் தொங்கவிடுவது, ஈறு வெளுத்துப்போவது, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், மூச்சு வாங்குவது. நீங்கள் சென்னையில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் உங்கள் மருத்துவரின் மாற்று ஏற்பாட்டையும் இப்போதே விசாரித்து, இரவில் யார் இருப்பார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதைத் தேடுவது கடினம்.

சரியாக ஊட்டினால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. பத்தில் எட்டு பூனைகள் வரை தேறுவதாகப் பாடநூல்கள் சொல்கின்றன, என் அனுபவமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஊட்டாமல் விட்டால் பெரும்பாலானவை இறந்துவிடும். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபினின் அளவு இரத்தத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பாதியாக இறங்கினால் நல்ல சகுனம். மற்ற எண்கள் பின்தங்கித்தான் வரும், அதற்காகக் கலங்க வேண்டாம். தேறிவிட்டால் கல்லீரல் பழையபடி ஆகிவிடும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க மருந்து தேவைப்படாது. பித்தநாள அழற்சியும் சேர்ந்திருந்தால் கதை வேறு: கிருமியால் வந்ததற்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், நாள்பட்டதற்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு என்று போகும், அது நீண்ட உறவு.

டியூபை எடுக்க அவசரப்படாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். டியூபில் எதுவும் கொடுக்காமலேயே பூனை வாயால் தன் முழு உணவையும் ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் உண்டு, எடையும் இறங்காமல் இருந்தால்தான் எடுக்கச் சொல்வேன். அந்த நாள்களிலும் தினம் நீர் விட்டு டியூபைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எடுப்பது ஒரு நிமிட வேலை, துளையைத் தைக்க வேண்டியதில்லை, அது தானாகவே ஆறிவிடும்.

அதன் பிறகு, பழைய 5 கிலோவுக்கு வேகமாகத் திருப்பிக் கொண்டுபோகவும் வேண்டாம், இனி குண்டாகக்கூடாது என்று திடீரென்று உணவைப் பாதியாக்கவும் வேண்டாம். உங்கள் பூனைக்குச் சரியான எடை எது என்று மருத்துவரிடம் கேட்டு அதற்குள் வைத்திருங்கள். எப்போதாவது குறைக்க வேண்டிவந்தால் வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் அளவுக்கு மெதுவாக. உணவின் பிராண்டை மாற்றினால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். வீடு மாறும்போதும், நீங்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பூனையை விடுதியில் விடும்போதும், ‘சாப்பிடுகிறதா’ என்று கேட்காமல் ‘இன்று எத்தனை கிராம் சாப்பிட்டது’ என்று கேளுங்கள். அடுத்த தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே உள்ளறை ஒன்றில் ஜன்னலை மூடி, அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை விரித்து, தண்ணீரும் உணவும் மணல் தட்டும் வைத்து அதைப் பழக்கிவிடுங்கள். வெடி நின்ற பின்னும் ஒரு நாள் முழுக்க எதுவும் உண்ணவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டாம் நாளும் அப்படியே என்றால் நேரில் கொண்டுபோங்கள்.